கலியாணத்துக்கும் கடவுள் போட்ட வேலியா?

அமெரிக்கா என்றால் நம் ஜனங்களில் பலருக்கு ஓர் எண்ணமிருக்கின்றது. அது ஜாதியில்லாத தேசம், அங்கே யாரும் யாரோடும் சரிசமமாய் உட்காரலாம், யாரும் யாரையும் கட்டிக்கொள்ளலாம், சர்க்கார் ஒரு மனிதனுடைய கலியாண விஷயத்தில் தலையிடுவதேயில்லை என்பதே அந்த எண்ணம். மேடைகளிலும் இப்படிப் பேசக் கேட்டிருக்கின்றோம். நம்மவர்களுக்குச் சூடு சொரணை வரவேண்டுமென்ற நல்ல எண்ணத்தோடுதான் பேசுகின்றார்கள் என்றாலும், இல்லாததைச் சொல்லித்தான் ஒரு நல்ல கொள்கையைப் பரப்பவேண்டுமென்ற அவசியம் நமக்குக் கிடையாது. உள்ளதைச் சொன்னாலே போதுமானது. அமெரிக்காவின் மாகாணங்கள் சுமார் முந்நூறு வருஷ காலம் கலியாணத்தில் செய்துவந்த அக்கிரமத்தையும், அது எப்படி ஒழிந்தது, எவ்வளவு மிச்சமிருந்தது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றே இதை எழுதுகின்றோம்.

1958-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி, வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லவிங் என்ற ஒரு வெள்ளைக்காரக் கொத்தனாரும், கறுப்பர் வழியும் செவ்விந்தியர் வழியும் கலந்த குடும்பத்தில் பிறந்த மில்ட்ரெட் ஜெட்டர் என்ற பெண்ணும் வாஷிங்டன் நகரத்துக்குப் போய்க் கலியாணம் செய்துகொண்டார்கள். வாஷிங்டனுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல. தங்கள் சொந்த மாகாணத்தில் அந்தக் கலியாணத்துக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை, வாஷிங்டனில் தடையில்லை, ஆகவே போனார்கள். திரும்பி வந்து கரோலைன் ஜில்லாவிலுள்ள தங்கள் கிராமத்தில் குடியிருந்தார்கள். ஆறு வாரங்கூட ஆகவில்லை. ஜூலை மாதத்தில் ஒரு நாள் நடு ராத்திரியில் ஜில்லா ஷெரீப் தம் ஆட்களோடு வீட்டுக்குள் புகுந்து, படுக்கையிலிருந்தவர்களை எழுப்பி, இந்தப் பெண் உனக்கு யார் என்று புருஷனைக் கேட்டார். நான் இவருடைய பெண்சாதி என்று அந்த அம்மாள் பதில் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த கலியாணச் சர்ட்டிபிகேட்டைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்று சொல்லி ஷெரீப் இருவரையும் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்.

1959-ம் வருஷம் ஜனவரியில் இருவரும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். குற்றம் என்னவென்றால் புருஷனும் பெண்சாதியுமாய் இருந்தது! ஜட்ஜு லியோன் பேஸில் என்பவர் ஆளுக்கு ஒரு வருஷம் ஜெயில் விதித்து, இருவரும் மாகாணத்தை விட்டு வெளியேறி 25 வருஷ காலம் சேர்ந்து திரும்பி வராமலிருப்பதானால் அந்தத் தண்டனையை நிறுத்தி வைப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். அதாவது புருஷன் தனியாய்த் தாய் வீட்டுக்கு வரலாம், பெண்சாதியும் தனியாய்த் தன் தாய் வீட்டுக்கு வரலாம், இருவரும் ஒன்றாய் வந்தால்தான் சட்டத்துக்கு ஆபத்து. இருவரும் வாஷிங்டனில் போய்க் குடியேறினார்கள்.

சில வருஷங்களுக்குப் பின் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யும்படி கேட்டபோது, அதே ஜட்ஜு 1965-ம் வருஷத்தில் எழுதிய காரணந்தான் நாம் கவனிக்கவேண்டியது. சர்வ வல்லமையுள்ள கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று மனித இனங்களைப் படைத்து, அவைகளைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தாராம். அவருடைய ஏற்பாட்டில் மனிதர் கை வைக்காதிருந்தால் இப்படிப்பட்ட கலியாணத்துக்கே இடமிருந்திராதாம். தனித்தனியாய் வைத்ததிலிருந்தே இனங்கள் கலக்கக்கூடாதென்பது கடவுள் சித்தம் என்று விளங்குகின்றதாம். இது ஒரு பாதிரியார் ஞாயிற்றுக்கிழமையில் சொன்ன பிரசங்கமல்ல. சம்பளம் வாங்கும் ஒரு ஜட்ஜு கோர்ட்டிலிருந்து எழுதிய தீர்ப்பு.

அந்த ஜட்ஜை நாம் கேட்கின்றோம். கடவுள் வெள்ளையரை ஐரோப்பாக் கண்டத்தில் வைத்தது வாஸ்தவமானால், தாங்கள் வர்ஜீனியாவில் எப்படி வந்து உட்கார்ந்தீர்கள்? உங்கள் பாட்டன் கப்பலேறினது கடவுள் ஏற்பாட்டில் கை வைத்ததாகாதா? ஆப்பிரிக்காவில் வைக்கப்பட்ட மக்களைச் சங்கிலி போட்டு இழுத்துவந்தது யார்? செவ்விந்தியருக்கென்று வைக்கப்பட்ட கண்டத்தை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது யார்? கடவுள் சித்தத்தை மீறி அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கலாம். மீறிக் கூலியில்லாமல் வேலை வாங்கலாம். அடிமைப் பெண்ணைப் பலாத்காரமாய்ச் சேர்ந்து பிள்ளையும் பெறலாம். கடவுளுக்கு அப்பொழுதெல்லாம் கோபம் வரவில்லை. இரண்டு பேர் மனமொத்துக் கலியாணம் என்று சொன்னவுடனே கோபம் வந்துவிட்டது! இதைக் கடவுள் சித்தம் என்பதா, எஜமானன் சித்தம் என்பதா?

எஜமானன் சித்தந்தான் என்பதற்குப் பழைய சட்டங்களே சாட்சி. 1662-ம் வருஷத்தில் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை, தாய் சுதந்திரமுள்ளவளானால் பிள்ளையும் சுதந்திரமுள்ளது என்பது அந்தச் சட்டம். இங்கிலீஷ்காரர்களுடைய வழக்கமோ தகப்பனை வைத்துப் பிள்ளையின் அந்தஸ்தைப் பார்ப்பது. அதை ஏன் மாற்றினார்கள்? எஜமானன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை சொத்துக்குப் பங்குதாரனாய் வராமல், தானே ஒரு சொத்தாய் ஆகிவிடவேண்டும் என்பதற்காகத்தான். 1664-ம் வருஷத்தில் மேரிலாந்து மாகாணம், அடிமையைக் கட்டிக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண் புருஷன் உயிரோடிருக்கும் வரையில் அவனுடைய எஜமானனுக்கு ஊழியஞ் செய்யவேண்டுமென்றும், பிள்ளைகளும் அடிமைகளென்றும் விதித்தது. 1691-ம் வருஷத்தில் வர்ஜீனியா, இப்படிக் கலந்து கட்டிக்கொள்ளும் வெள்ளையர்களை மாகாணத்தை விட்டே துரத்தும்படி சட்டம் செய்தது. முதலில் சொத்தும் வேலையாளும் வந்தன; பிறகு சட்டம் வந்தது; சட்டத்துக்கு நியாயங் கேட்க ஆரம்பித்த பிறகே கடவுள் வந்தார். எந்த தேசத்துப் புரட்டை எடுத்துக்கொண்டாலும் வரிசை இதுவாகத்தான் இருக்கும்.

நிற்க, இந்த வெள்ளை இரத்தம், கறுப்பு இரத்தம் என்பதாவது நிலையான ஒரு வஸ்துவா என்று பார்ப்போம். 1785-ம் வருஷத்து வர்ஜீனியாச் சட்டப்படி நாலில் ஒரு பங்கு கறுப்பு இரத்தமுள்ளவன் கலப்பினத்தான். 1910-ம் வருஷத்துச் சட்டப்படி பதினாறில் ஒரு பங்கு இருந்தாலே போதும், அவன் கறுப்பன். 1924-ம் வருஷத்தில் வந்த இனச் சுத்தச் சட்டப்படி ஒரு துளி இருந்தாலும் வெள்ளையனல்ல. ஆகவே ஒரே மனிதன், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டே, 1909-ல் வெள்ளையனாகவும் 1911-ல் கறுப்பனாகவும் ஆயிருக்கலாம். அவன் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. சட்டசபையில் சிலர் கை தூக்கினார்கள், அவ்வளவுதான்.

இந்த 1924-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. வர்ஜீனியாவின் பெரிய குடும்பங்கள் சில, 1614-ம் வருஷத்தில் ஜான் ரால்ப் என்ற வெள்ளையனை மணந்த போகஹாண்டஸ் என்ற செவ்விந்தியப் பெண்ணின் வம்சத்தில் வந்தவர்களென்று பெருமையாய்ச் சொல்லிக்கொள்பவை. ஒரு துளி விதியை அவர்களுக்கும் பிரயோகித்தால் பிரபுக்கள் வீட்டுக் கலியாணமே குற்றமாய்விடும். ஆகவே செவ்விந்திய இரத்தம் மட்டும் பதினாறில் ஒரு பங்கு வரையில் இருந்தாலும் பாதகமில்லை, வெள்ளையரே என்று ஒரு விலக்குப் போட்டுக்கொண்டார்கள். ஏழை வீட்டுக் கலப்புக்கு ஜெயில், பிரபு வீட்டுக் கலப்புக்குப் பெருமை! இதைச் சுத்தம் என்று பெயர் வைத்து அழைத்தார்கள்.

கலிபோர்னியா மாகாணத்தின் யோக்கியதையும் இதற்குக் குறைந்ததல்ல. அங்கே வெள்ளையர் நீக்ரோவையும் மங்கோலியரையும் மணக்கக்கூடாது என்றிருந்தது. 1933-ம் வருஷத்தில் ஒரு பிலிப்பைன் தீவுக்காரர், நான் மலாய் இனம், மங்கோலிய இனமல்ல, ஆகவே எனக்குத் தடையில்லை என்று வழக்காடினார். கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் செய்தது. உடனே சட்டசபை அதே வருஷத்தில் மலாய் என்ற ஒரு வார்த்தையைச் சட்டத்தில் சேர்த்துக் கதவைச் சாத்தியது. அதே காலத்தில் அங்கே குடியேறியிருந்த பஞ்சாபிக் குடியானவர்கள் பலர் மெக்ஸிக்கோப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். ஜில்லாக் குமாஸ்தா இருவருடைய தோலையும் பார்த்து, இரண்டும் ஒரே நிறமென்று லைசென்ஸ் கொடுத்தார். ஒரு குமாஸ்தாவின் கண்ணில்தான் கடவுள் சித்தம் அடங்கியிருந்தது போலும்!

1939-ம் வருஷத்தில் அதே மாகாணத்தில் ஸான் டியாகோ நகரத்துக் கோர்ட்டில் ஒரு விதவையின் வழக்கு விசாரணைக்கு வந்தது. புருஷன் வெள்ளையர், சொத்துள்ளவர். கலியாணம் நடந்தது அரிஜோனா மாகாணத்தில். அந்த அம்மாள் எட்டில் ஒரு பங்கு கறுப்பு இரத்தமுள்ளவர், ஆகவே அரிஜோனாச் சட்டப்படி கலியாணமே கலியாணமல்ல, சொத்தும் அவருக்கில்லை என்று எதிர் வாதம். அதை ருஜுப்பிக்க மனித சாஸ்திரம் படித்தவர் ஒருவர் வந்தார், வைத்தியர் ஒருவர் வந்தார், தலைமயிர் சிங்காரிக்கும் ஒருத்தியும் சாட்சிக்கு வந்தாள். விரல் நகத்தின் பிறையையும், குதிகாலையும், மயிரின் சுருளையும் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். அம்மாள் தோற்றார். அரிஜோனாச் சட்டத்தின்படி கலப்பு இரத்தமுள்ளவர் வெள்ளையரையும் மணக்க முடியாது, கறுப்பரையும் மணக்க முடியாது, யாரையுமே மணக்க முடியாதென்று ஆகின்றதே என்று அவர் தரப்பில் சொல்லியும் கோர்ட்டு அதற்குச் செவி சாய்க்கவில்லை. கலியாணச் சட்டத்தின் அடியில் எது இருந்ததென்று இப்பொழுதாவது தெரிகின்றதா? உயில், வீடு, பணம்.

இனி நம் தேசத்தார் ஒருவர் இந்த விஷயத்தில் எப்படி அகப்பட்டுக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி வெளி தேசத்திலிருந்து வந்தவர் பிரஜையாவதற்கு வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வழியினராகவோ இருக்கவேண்டும். 1922-ம் வருஷத்தில் ஒஸாவா என்ற ஜப்பானியர், என் தோல் வெளுப்பாகத்தானே இருக்கின்றது என்றார். தோல் முக்கியமல்ல, காகேசிய இனமாயிருந்தால்தான் வெள்ளையர் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அடுத்த வருஷத்தில், அமெரிக்கப் பட்டாளத்தில் வேலை பார்த்த பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாப் சீக்கியர், சாஸ்திரக்காரர்கள் சொல்லுகிறபடி நான் காகேசியன், ஆரியன், ஆகவே வெள்ளையன் என்றார். சாஸ்திரம் கிடக்கட்டும், சாதாரண ஜனங்கள் உன்னை வெள்ளையன் என்று நினைக்கமாட்டார்கள் என்று அதே கோர்ட்டு, அதே ஜட்ஜின் கையெழுத்தில் சொல்லிற்று. சுமார் மூன்று மாத இடைவெளியில் இரண்டு அளவுகோல்! ஜப்பானியருக்குச் சாஸ்திரம், இந்தியருக்குச் சாதாரண ஜனங்களின் எண்ணம்.

அந்தக் கோர்ட்டைக் கண்டிப்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. திண்ட் தரப்பில் எழுதிக் கொடுத்த வாதத்தில் என்ன சொல்லியிருந்தார்கள் தெரியுமா? கலியாண விஷயத்தில் ஓர் அமெரிக்கன் நீக்ரோவை எப்படி நினைக்கின்றானோ, அப்படியேதான் உயர்ந்த ஜாதி இந்துவும் இந்நாட்டு ஆதிக்குடியை நினைக்கின்றான் என்ற கருத்தையே, தான் வெள்ளையர் என்பதற்கு ஓர் அத்தாட்சியாகக் காட்டியிருந்தார்கள். நாங்களும் உங்களைப் போலவே எங்களுக்குக் கீழே ஒருவனை வைத்து அவனோடு கலக்காமலிருக்கிறோம், ஆகையால் எங்களையும் உங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் அர்த்தம். கதவுக்கு வெளியே நின்று கெஞ்சும்போதுகூட ஜாதியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்கள். கதவு திறக்கவில்லை. இந்தியர்களுக்கு அந்த உரிமை 1946-ம் வருஷத்தில்தான் கிடைத்தது. பிறரை மிதிப்பதைத் தகுதியாய்க் காட்டி மரியாதை தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் என்ன வேண்டும்?

அன்றியும், இச்சட்டங்களை ஆதரித்தவர்கள் சமத்துவத்தின் பெயராலும் பேசினார்கள். 1883-ம் வருஷத்தில் அலபாமா மாகாணத்து வழக்கொன்றில், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே தண்டனைதானே, ஆகவே பாரபட்சமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதையே பிடித்துக்கொண்டு எண்பது வருஷங்களுக்கு மேல் வண்டி ஓட்டினார்கள். ஆனால் வர்ஜீனியாச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், வெள்ளையர் சம்பந்தப்பட்ட கலப்பை மட்டுந்தான் அது தடுத்தது. மற்ற இனத்தார் தங்களுக்குள் எப்படிக் கலந்தாலும் கேட்பாரில்லை. எல்லா இனங்களையும் தனித்தனியாய் வைப்பதுதான் கடவுள் சித்தமென்றால், ஓர் இனத்துக்கு மட்டும் ஏன் வேலி?

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி அறுந்தது கலிபோர்னியாவில்தான். 1948-ம் வருஷத்தில் ஆண்ட்ரியா பெரெஸ் என்ற பெண்ணும் சில்வெஸ்டர் டேவிஸ் என்ற கறுப்பரும் லைசென்ஸ் கேட்டு மறுக்கப்பட்டு வழக்காடினார்கள். இருவரும் கத்தோலிக்கர்கள், எங்கள் சர்ச்சு எங்களுக்குக் கலியாணம் செய்துவைக்கத் தடை சொல்லவில்லை, சர்க்கார்தான் தடுக்கின்றது என்பதும் அவர்கள் வாதங்களில் ஒன்று. அந்த மாகாணத்து சுப்ரீம் கோர்ட்டு நாலு பேர் ஒரு பக்கமும் மூன்று பேர் மறு பக்கமுமாய் நின்று சட்டத்தைத் தள்ளிற்று. கலிபோர்னியாவில் சம்மதித்த அதே கிறிஸ்தவக் கடவுள் வர்ஜீனியாவில் மறுத்தது எப்படி? கடவுள் மாகாணத்துக்கு மாகாணம் மாறுகின்றாரா, அல்லது பேசுகிறவன் வாய்க்குத் தக்கபடி மாறுகின்றாரா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

லவிங் தம்பதிகள் சும்மாயிருக்கவில்லை. 1963-ம் வருஷத்தில் மில்ட்ரெட் அம்மாள் அப்பொழுது அட்டர்னி ஜெனரலாயிருந்த ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் குடியுரிமைச் சங்கமொன்றைக் காட்டிவிட, இரண்டு இளம் வக்கீல்கள் வழக்கை நடத்தினார்கள். வர்ஜீனியா மேல் கோர்ட்டு 1966-ல் சட்டத்தையே ஆதரித்தது. கடைசியாய் 1967-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி, பிரதம நீதிபதி ஏர்ல் வாரனும் மற்ற ஜட்ஜுகளும் ஒரே மனதாய் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்று தள்ளினார்கள். அன்றைக்கு 16 மாகாணங்களில் இப்படிப்பட்ட சட்டமிருந்தது. ரிச்சர்டு லவிங் கோர்ட்டுக்குக்கூடப் போகவில்லை. நான் என் பெண்சாதியை நேசிக்கிறேன், அவளோடு வர்ஜீனியாவில் வாழ முடியாதென்பது நியாயமல்ல என்று கோர்ட்டில் சொல்லும்படி வக்கீலிடம் சொல்லியனுப்பினாராம். படித்த ஜட்ஜுகள் எழுதின ஆயிரம் பக்கத்தையும் அந்தக் கொத்தனார் ஒரே வார்த்தையில் சாய்த்துவிட்டார்.

இங்கே ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்லியாகவேண்டும். கலியாணம் மாகாண விஷயம், மத்திய சர்க்காரும் கோர்ட்டும் அதில் நுழையக்கூடாது என்பது வர்ஜீனியாவின் வாதம். மாகாணங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று சொல்லுகிற நாம் இதற்கு என்ன சொல்வது? மாகாண அதிகாரத்தால் நன்மையும் விளைந்திருக்கின்றது. மாஸசூஸெட்ஸ் 1843-ம் வருஷத்திலேயே தன் தடைச் சட்டத்தை எடுத்துவிட்டது. நியூயார்க் முதலான சில மாகாணங்கள் அப்படி ஒரு சட்டமே போட்டதில்லை. மத்தியில் இருந்தவர்கள் தூங்கினபோது இவர்கள் விழித்திருந்தார்கள். ஆகவே அதிகாரம் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த அதிகாரம் அங்குள்ள மக்களுக்காக ஏற்பட்டது. மக்களில் ஒரு பகுதியாரை மனிதரல்லவென்று தள்ளுவதற்கு அதைக் கேடயமாய்ப் பிடித்தால் அது சுயாட்சியல்ல, பெரும்பான்மையோருடைய குண்டாந்தடி. தூரத்து எஜமானனை ஒழித்துவிட்டுப் பக்கத்து எஜமானனை நாட்டுவதற்குச் சுதந்திரம் என்று பெயரிட நாம் சம்மதிக்கமாட்டோம்.

சட்டம் செத்தது, புத்தி உடனே மாறிற்றா? சுப்ரீம் கோர்ட்டு தள்ளின பிறகும் அந்த வாசகங்கள் சில மாகாணங்களின் அரசியல் சட்டப் புஸ்தகத்தில் அப்படியே கிடந்தன. தென் கரோலினா 1998-ல்தான் ஜனங்களிடம் ஓட்டெடுத்து நீக்கிற்று. அலபாமா 2000-ம் வருஷத்தில் நீக்கிற்று. அந்த ஓட்டில் நூற்றுக்குச் சுமார் 40 பேர், செத்த சட்டமாயிருந்தாலும் புஸ்தகத்தில் இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள்! வர்ஜீனியாவிலோ கலியாண லைசென்ஸ் வாங்குகிறவர்கள் தங்கள் இனம் இன்னதென்று எழுதிக் கொடுத்தே ஆகவேண்டுமென்ற விதி 2019 வரையில் இருந்தது. ஒரு ஜில்லாவில் பொறுக்கிக்கொள்ளும்படி வைத்திருந்த ஜாபிதாவில் இருநூறுக்கு மேற்பட்ட இனங்களின் பெயர்கள், அவைகளில் ஆரியர் என்பதும் ஒன்று. சிலர் வழக்குப் போட்ட பிறகே கோர்ட்டு அந்த விதியைத் தள்ளிற்று.

2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இந்தியானா மாகாணத்து செனட்டர் மைக் பிரான் என்பவர், இனக் கலப்புக் கலியாண விஷயத்தையும் மாகாணங்களுக்கே விட்டுவிடலாமென்று பொருள்படப் பதில் சொல்லிவிட்டு, அன்றைக்கே தாம் கேள்வியைத் தவறாய் விளங்கிக்கொண்டதாகவும் இன பேதத்தைத் தாம் கண்டிப்பதாகவும் சொல்லித் திருத்திக்கொண்டார். அதே வருஷம் ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு கர்ப்பக் கலைப்பு விஷயத்தைப் பழையபடி மாகாணங்களின் கையில் கொடுத்துவிடவே, ஜனங்களுக்குப் பயம் ஏற்பட்டது. டிசம்பர் மாதத்தில், ஒரு மாகாணத்தில் நடந்த இப்படிப்பட்ட கலியாணத்தை மற்ற மாகாணங்களும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று அமெரிக்கக் காங்கிரஸ் சபை தனியாய் ஒரு சட்டம் செய்யவேண்டியதாயிற்று. கிடைத்த உரிமை காவலில்லாமல் நிற்காது என்பதை அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் இதில் சந்தோஷப்படத்தக்க சங்கதியும் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் கலந்து மணப்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று காலப் ஸ்தாபனத்தார் அமெரிக்க ஜனங்களைக் கேட்டுவருகின்றார்கள். 1958-ம் வருஷத்தில், அதாவது லவிங் தம்பதிகளை ஷெரீப் பிடித்த வருஷத்தில், ஆம் என்றவர்கள் நூற்றுக்கு 4 பேர். 2021-ம் வருஷத்தில் ஆம் என்றவர்கள் நூற்றுக்கு 94 பேர். கடவுள் படைத்தார், ஆதியிலிருந்து உள்ளது, இரத்தத்தில் ஊறியது, மாற்றவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒரு வழக்கம் ஒரு மனிதன் ஆயுசுக்குள் இப்படித் தலைகீழாய் மாறிவிட்டது. மாறினதற்குக் காரணம் கடவுள் தம் சித்தத்தை மாற்றிக்கொண்டதல்ல. இரண்டு பேர் ஊர் வாய்க்குப் பயப்படாமல் கலியாணம் செய்துகொண்டார்கள். ஓர் அம்மாள் கடிதம் எழுதினார். இரண்டு வக்கீல்கள் கூலி எதிர்பாராமல் உழைத்தார்கள். ஜனங்கள் பக்கத்து வீட்டில் அப்படிப்பட்ட குடும்பத்தைக் கண்ணால் பார்த்து, வானம் இடிந்து விழவில்லையென்று தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே தோழர்களே, அமெரிக்காவிலும் இப்படித்தானே இருந்தது என்று சொல்லி நம் ஊர் ஜாதிக்குச் சமாதானந் தேடுகிறவனும், அமெரிக்காவில் இதெல்லாம் கிடையவே கிடையாது என்று கதையளக்கிறவனும் நமக்கு உதவமாட்டார்கள். அங்கே சட்டம் போட்டு வேலி கட்டினார்கள். சட்டத்தைத் தள்ளினவுடனே வேலி சாய ஆரம்பித்தது. நம் நாட்டிலோ கலந்து மணப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வேலி வீட்டுக்குள் இருக்கின்றது; தாய் தகப்பன் வாயில் இருக்கின்றது; பெண் பார்க்கப் போகிறவன் கேட்கிற முதல் கேள்வியில் இருக்கின்றது. அதைச் சாய்க்க எந்த சுப்ரீம் கோர்ட்டும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. உங்கள் மகனோ மகளோ மனமொத்த ஒருவரை அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது, நீங்கள் தகப்பனாய் நிற்பீர்களா, அந்த ஷெரீப்பாய் நிற்பீர்களா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நீங்களேயாவீர்கள்.